ஏடு ஒன்று, இசை மூன்று



போலந்தில் பிறந்த ஷோப்பான் இயற்றிய 24 பியானோ முன்னிசைகள் 1839-இல் வெளிவந்தன. ஏழாவது முன்னிசைக்கு 16 தாளக் கட்டங்களே. ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

இவற்றைக் கார்ட்டோ 1930-களிலும், பொலினி 1974-இலும், ஆர்கெரிச் 1975-இலும் இசைத்தட்டுக்காக வாசித்தனர். ஏடு ஒன்றே, காதில் விழுவதோ மூன்று. பொலினியிடம் ஒவ்வொரு சுரமும் தெளிவு. ஆர்கெரிச்சிடம் வேகமும் கொந்தளிப்பும். கார்ட்டோ காலத்தை நெகிழ்த்தி, பேசுவதுபோல் வாசிக்கிறார். இடையிடையே சுரம் தவறுவதும் உண்டு.

அலுவலகத்தில் கணக்குச் சரிபார்த்தே பழகிய நாம், முதலில் அப்பிழைகளை எண்ணிக் கார்ட்டோவை ஒதுக்கினோம். பன்முறை கேட்ட பின்னரே, பிழையின்மை வேறு, உயிர் வேறு என்று உணர்ந்தோம்.

இன்று நம் குழந்தைகள் மேடையேறுகிறார்கள். பிழையை மட்டும் எண்ணாது செவிமடுப்போமாக.