முடக்குவாதம்: பரம்பரையில் வருவது எது, நம்ம கையில் இருப்பது எது?

(மடு யாத்திரை முடித்துத் தலைமன்னார் இறங்குதுறை பார்க்க வந்த தோட்டக் குடும்பங்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இந்தத் தலைமன்னார் நம்ம பாட்டன் பூட்டன் காலடி பட்ட மண். 1914இல் தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தி தோணியில் வந்து இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே போனவர்கள் ஏராளம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் இதே வழியாகத் திரும்பிப் போயின. வந்தவர்கள் சட்டி பானையோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் உடம்பில் கொண்டு வந்தார்கள். அதுதான் மரபணு.

ஏன் இதைச் சொல்லுறேன்? "தாய்க்கு முடக்குவாதம், அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா?" என்ற பேச்சு லயத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. அதற்குச் சரியான பதில் எல்லாருக்கும் தெரிய வேணும்.

முடக்குவாதம் குளிரால் வருவதில்லை. சாமி குத்தமும் இல்லை. நோய்க் கிருமியோடு சண்டை போட வேண்டிய நம்ம உடம்பின் காவல்காரன், ஆள் மாறி நம்ம மூட்டையே அடிக்கிறான். அவனுக்கு ஆள் அடையாளம் காட்டுவது எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம். அதில் சில வகைகள் ஒரே மாதிரியான சிறு துண்டு ஒன்றைக் கொண்டவை. அவை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று 1987இல் விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள்.

இந்த வகை இனத்துக்கு இனம் மாறும். வெள்ளைக்காரரிடம் முக்கியமானது 04:01. ஜப்பான், சீனா பக்கம் 04:05. மலேசியாவில் மலாய், சீன, இந்திய மக்களிடம் ஆராய்ந்து 2011இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அந்த ஒரே மாதிரித் துண்டு மூன்று இனத்தாரிடமும் ஆபத்தைக் கூட்டியது. இந்திய வம்சாவளியினரிடம் 10:01 என்ற வகை எடுப்பாகத் தெரிந்தது. அவர்களில் அநேகர் ரப்பர் தோட்டத்துக்குப் போன நம்ம தமிழ்ச் சனத்தின் பிள்ளைகள்தான். ஆகவே எந்த இனமும் தப்பவில்லை, எந்த இனமும் தாழ்ந்ததுமில்லை.

இனிக் கவனமாகக் கேளுங்க. மரபணு விதை மாதிரி. முளைக்க மண்ணும் தண்ணியும் வேணும். அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், உண்மை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதேயில்லை. இந்தக் காரணம் சொல்லி ஒரு சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பது நியாயமில்லை.

மண்ணும் தண்ணியும் என்றேனே, அதில் நன்றாக நிரூபணமானது புகைத்தல். அந்த மரபணு உள்ளவர் பீடி, சிகரெட் பிடித்தால் ஆபத்துப் பல மடங்கு. பாட்டன் தந்த மரபணுவை மாற்ற முடியாது. பீடிக் கட்டைத் தூக்கி எறிய முடியும்.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். கொழுந்து எடுக்கிற விரல்தான் நம்ம வீட்டுச் சோறு. அதனால் அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. காலையில் எழும்பினால் விரல் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பு. இரண்டு கையிலும் விரல் மூட்டு வீக்கம். இது சில வாரம் நீடித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிப் போங்க. அங்கே கிளினிக்குக்குக் காசில்லை. எல்லா மூட்டு வலியும் முடக்குவாதமில்லை. வயது போனவர்களுக்கு வருவது பெரும்பாலும் தேய்மானம். இரத்தம் சோதித்து வைத்தியர்தான் சொல்ல வேணும்.

மெதோட்ரெக்சேட் மாத்திரை தந்தால், அது வாரத்தில் ஒரே நாள் குடிக்கிற மருந்து. தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிடுங்க. வலி குறைந்தது என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். கோணின பிறகு நிமிர்த்துவது கஷ்டம். ஆகவே வெட்கப்படாமல், பிந்தாமல் வாங்க. துணைக்கு ஆள் வேணுமென்றால் நலன்புரி அலுவலகக் கதவைத் தட்டுங்க.