தட்டில் உறங்கும் குரல்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் விடியுமுன்பே ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்துவிடும். லயத்தில் அடுப்பு மூட்டும்போதே அது நம் காதில் விழுந்த காலம் ஒன்று இருந்தது. பாட்டைத் தந்தது ஒரு கறுப்புத் தட்டு. பாடியவரோ கடல் கடந்த ஊரில் இருந்தார். அவர் குரல் அந்தத் தட்டுக்குள் எப்படிப் புகுந்தது? இன்று அதைப் பார்ப்போம்.

ஒலி என்பது அதிர்வு. தப்பின் தோல்மீது நாலு அரிசியைப் போட்டுத் தட்டினால் அரிசி துள்ளும். தோல் அதிர்ந்து காற்றை அதிர வைக்கிறது. காற்று நம் செவிப்பறையை அதிர வைக்கிறது. இந்த அதிர்வை 1877ஆம் ஆண்டில் வெள்ளீயத் தாளில் ஊசியால் பதித்து, மீண்டும் ஒலிக்கச் செய்தார் தாமஸ் எடிசன். 1887இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். அவருடைய தொடக்க காலத் தட்டுகள் சில கெட்டிப்படுத்திய ரப்பரால் ஆனவை! பின்னர் அரக்குத் தட்டும், 1948இல் வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் நெடுநேரத் தட்டும் வந்தன.

பால்மரத்தில் உளி சரிவாகக் கோடு சீவுவதை நாம் அறிவோம். ஒலிப்பதிவிலும் அப்படியே. பாடகரின் குரல் மின்சாரமாக மாறி, ஒரு சிறிய உளியை ஆட்டுகிறது. அது சுழலும் தட்டில் நெளிநெளியான பள்ளத்தை வெட்டுகிறது. குரல் உரத்தால் நெளிவு அகலும். கீச்சென்று உயர்ந்தால் நெளிவு நெருங்கும். அந்தத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான வினைலில் அழுத்துகிறார்கள். உருளையில் விட்ட ரப்பர்த் தாளில் கோடு பதிவதுபோல, பள்ளமும் பதிந்துவிடுகிறது.

பார்வைக்குப் பல வளையங்கள் போலத் தெரிந்தாலும், ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே பள்ளம்தான். 22 நிமிடம் ஓடும் பெரிய தட்டில் அதை நீட்டினால் ஏறக்குறைய 470 மீட்டர் வரும்!

தட்டு சுழலும்போது முள் அந்த நெளிவுகளில் ஓடி அதிர்கிறது. முள்ளோடு இணைந்த காந்தமும் கம்பிச் சுருளும் அந்த அதிர்வைச் சிறு மின்சாரமாக்குகின்றன. அதைப் பெருக்கினால் பாட்டு. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, முள்ளருகே காதை வைத்துப் பாருங்கள். முள்ளே மெல்லப் பாடுவது கேட்கும்.

ஆகவே, குரல் இருப்பது அந்தப் பள்ளத்தின் சுவரில்தான். சுவர் சிதைந்தால் குரலும் சிதையும். முள் தாவுகிறதென்று அதன்மேல் சில்லறைக் காசை வைத்து ஓட்டியவர்கள் நம்மில் உண்டு. அன்று பாட்டு ஓடியது உண்மை. ஆனால் பாரம் ஏறிய முள் சுவரைத் தேய்த்துவிட்டது. தேய்ந்த முள்ளும், ஒட்டிய தூசும் செய்வது அதுவே. வெயிலோ தட்டையே வளைத்துவிடும்.

இன்று பாட்டு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. என்றாலும் தாத்தா வாங்கிய தட்டு வீட்டில் இருந்தால், அதை எறிந்துவிடாதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பள்ளம் போகும் திசையில், மெல்லிய துணியால் துடையுங்கள். உறையிலிட்டு, நிழலில் நேராக நிறுத்தி வையுங்கள். எல்லாப் பழைய பாட்டும் கைப்பேசியில் ஏறிவிடவில்லை. சில குரல்கள் தட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

சீவிய பால்மரத்தில் பட்டை மீண்டும் வளரும். தேய்ந்த தட்டில் குரல் மீண்டும் வளராது.