செய்தொழிலைக் காட்டும் தளம்

(நம் சங்கத்தின் புதுக்கோட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளையொருவன் படித்துத் தேறினால், உறவினரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி உத்தியோகத்துக்கு அனுப்புவது நம் பழைய வழக்கம். மென்பொருள் தொழிலிலோ கடிதத்தினும் கைவேலையே மிகுதியாகப் பேசும். பெங்களூரிலுள்ள முதலாளி நம் குலத்தையும் அறியார், ஊரையும் அறியார். "நீ செய்தது யாது?" என்பதே அவர் வினா. அதற்கு விடையாக நிற்பதுதான் தொழிலாளன் தன் பெயரில் அமைத்துக்கொள்ளும் இணையத்தளம்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்தன்னவாசல் குகைக்கோயிலில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. பழைய மண்டபத்தைப் புதுக்கியது இன்னது, முகமண்டபமாகப் புதிதாய் எடுத்தது இன்னது என்று அது பிரித்துரைக்கின்றது. நம் வாலிபர்களும் இந்நேர்மையையே கைக்கொள்ள வேண்டும். பலர் கூடிச் செய்த வேலையில் தம் பங்கு எவ்வளவு என்பதை ஒளியாது எழுதுக.

இருபது வேலைகளை அடுக்குவதினும் மூன்றினைத் தெளிவாகக் காட்டுதல் நன்று. ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன இடர் இருந்தது, எவ்வழியில் தீர்த்தோம், எங்கே தடைப்பட்டோம் என்பவற்றைச் சொல்லுக. இயங்கும் செயலியையும் அதன் நிரலையும் உடன் வைத்தல் வேண்டும்.

புதுமை என்பது எழுத்துக்களை ஆடவிடுவதன்று. சிறு கைப்பேசியில், மெலிந்த இணைப்பிலும் பக்கம் விரைந்து திறக்க வேண்டும். எழுத்தின் நிறமும் பின்புலமும் ஒளியில் 4.5-க்கு 1 என்ற அளவேனும் வேறுபட்டால்தான் கண் மங்கியவரும் படிப்பர். கீரமங்கலத்துப் பூ விலையை நாள்தோறும் குறிக்கும் செயலி, 2018-ஆம் ஆண்டுக் கஜா புயல் போன்ற பேரிடரில் வீழ்ந்த தென்னைகளைக் கணக்கிடும் செயலி என, நம் மண்ணின் தேவையறிந்து செய்வதே மெய்யான புதுமை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கிட்ஹப் நிறுவனம் 2008 முதல் இத்தகைய தளங்களுக்கு இலவசமாக இடமளிக்கின்றது. சொந்த முகவரி வேண்டுவோர் மட்டும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவர். ஆனால் முதலாளியின் இரகசிய நிரலை வெளியிடலாகாது. வீட்டு விலாசமும் சாதிப்பெயரும் அங்கு வேண்டா.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். விவாகத்துக்கும் பிரசவத்துக்கும் பின் வேலை நின்ற நம் பெண்மக்கள் எத்தனை பேர்! ஐந்தாண்டு கழித்து மீள முயலும்போது, "இத்தனை நாள் என் செய்தாய்?" என்ற கேள்வியே கதவை அடைக்கின்றது. வீட்டிலிருந்தபடியே சிறிது சிறிதாகச் செய்த வேலை அவள் பெயரில் ஒரு தளத்தில் இருக்குமாயின், அது அவளுக்காகப் பேசும். ஆகவே மகளுக்கு நகை சேர்க்கும் பெற்றோர், அவள் நாள்தோறும் ஒரு மணி நேரம் கணிப்பொறிமுன் அமரவும் இடம் கொடுப்பாராக.

இத்தொழிலறிந்த நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் இருவர்க்கேனும் தளம் அமைக்கக் கற்பிக்க வேண்டுமென வேண்டி, என் உரையை முடிக்கின்றேன்.