சுரங்கக்காரர் கட்டும் பணமும் நம் குத்தகைப் பணமும்



நாம் வெட்டும் றப்பர் பாலை டயராக்கும்போது துத்தநாக ஒக்சைட்டு சேர்க்கிறார்கள். கூரைத் தகரம் துருப்பிடிக்காமலிருக்கப் பூசுவதும் துத்தநாகம்தான். நம் லயங்களில் அது எப்போதோ தேய்ந்துவிட்டது.

இந்தியாவில் அதைத் தோண்டும் பெரிய கம்பனி ஹிந்துஸ்தான் ஸிங்க். ராஜஸ்தானில், பில்வாரா மாவட்டத்து ராம்புரா அகூச்சா சுரங்கம் அதனுடையது. அரசிடமிருந்த கம்பனியின் நிர்வாகம் 2002இல் வேதாந்தா குழுமத்துக்குப் போனது. குழுமத்தின் தலைமையகம் லண்டனில். சுற்றுக் கிராமங்களின் அங்கன்வாடிகளுக்கு, அதாவது நம் பிள்ளைக் காம்பரா போன்றவற்றுக்கு, கம்பனி உதவுகிறது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே சட்டமும் கையை நீட்டிக் கேட்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி பெரிய கம்பனிகள் மூன்று வருடச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2015இல் வந்த சட்டம் இன்னும் கடுமை: பழைய சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமைப் பணத்துக்கு மேலே, அதில் 30 வீதத்துக்குச் சமமான தொகையை மாவட்ட நிதியத்துக்கும் கட்ட வேண்டும். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே உள்ள பணம்.

இரத்தினபுரி, கேகாலைக் கம்பனித் தோட்டங்களிலும் பெரும்பாலானவை அரசு நிலம். 1992 முதல் கம்பனிகள் நடத்துகின்றன, குத்தகை கட்டுகின்றன. அதில் இத்தனை வீதம் தோட்டத்து மக்களுக்கு என்று சொல்லும் சட்டம் நமக்கில்லை. அதனால்தான் நாலு தகரம் மாற்றினாலும் துரைக்கு மாலை போடுகிறோம்.

குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை நாம் சட்டமாகக் கேட்கிறோம். அதைச் செலவிடும் சபையில் பால் வெட்டும், கொழுந்தெடுக்கும் பெண்களும் உட்கார வேண்டும். தோட்டக் கமிட்டிகள் லயம், தண்ணீர், பிள்ளைக் காம்பரா நிலையை எழுதி இந்த மாதத்துக்குள் மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள்.