காப்புக் கட்டப் பூளைப்பூ எங்கே?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நாட்டுப்புற நம்பிக்கைகள் பற்றிப் பேசுங்க" என்றார் செயலாளர். நான் தாவரவியல் படித்தவன். செடி கொடி வழியாகத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்களில் ஆண்டு முழுவதும் சடங்குதான். சித்திரையில் நல்லேர் பூட்டுவது, ஆடியில் பதினெட்டாம் பெருக்கு, மார்கழி வாசலில் பூசணிப்பூ, தை பிறக்குமுன் காப்புக்கட்டு. மழை பொய்த்தால் கொடும்பாவி, மழைக்கஞ்சி.

"எல்லாத்திலயும் விஞ்ஞானம் இருக்குன்னு சொல்லப்போறாரு" என்று நினைக்காதீர்கள். கொடும்பாவி இழுத்தால் மேகம் திரளாது. ஆனால் மழைக்கஞ்சிக்கு வீடு வீடாகத் தானியம் வாங்கிப் பொதுவில் காய்ச்சி ஊற்றுவார்கள். வானம் இரங்கியதோ இல்லையோ, அடுப்பெரியாத வீட்டுக்கு ஒரு வேளைக் கஞ்சி கிடைத்தது. எல்லாத் தெருவும் அந்தப் பானையில் சேர்ந்ததா என்ற கேள்வியும் உண்டு. அதையும் மறைக்க வேண்டாம்.

முளைப்பாரியைப் பாருங்கள். எருவிட்ட மண்ணில் நவதானியம் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உருவாகாமல் பயிர் வெளிர் மஞ்சளாக நீளும். அது செழித்தால் வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. விதை முளைக்குமா என்பதாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும், இல்லையா?

இப்போது காப்புக்கட்டுக்கு வருகிறேன். கொங்கு நாட்டிலும் சேலம் பக்கமும் பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபூளை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவார்கள். தீயது அண்டாதாம். இதில் ஆவாரையையும் பூளையையும் யாரும் விதைத்ததில்லை. ஏரிக்கரையிலும் வண்டிப்பாதையிலும் புறம்போக்கிலும் தானாக முளைத்தவை. போனோம், பறித்தோம், காசு கிடையாது. இன்று அதே கட்டு சந்தையில் விலைக்கு வருகிறது. சடங்கு நிற்கவில்லை, பல ஊர்களில் புறம்போக்குதான் பிளாட் ஆகிவிட்டது.

பதினெட்டாம் பெருக்கும் அப்படித்தான். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு காவிரிக்கரையில் பெருக்கு என்பது அணைத் தண்ணீரை நம்பியது. ஆறு வறண்ட ஆண்டுகளில் குழாயடியிலேயே கும்பிட்டுத் திரும்புகிறோம்.

சடங்கு மறைகிறதே என்று நான் அழவில்லை. சடங்கு மட்டும் மிஞ்சி, அதன் செடியும் தண்ணீரும் போய்விடுவதுதான் என் கவலை.

மாணவச் செல்வங்களே, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள். அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் கேளுங்கள்: எந்த மாதம், எந்தச் செடி, எங்கே பறித்தீர்கள்? சொன்ன இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். செடி இருந்தால் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த மலரில் என் பேச்சுக்குப் பதில் உங்கள் பட்டியல் வரட்டும்.