பத்துப் புள்ளிக் கேள்வி

இன்று ஆசிரியர் பட்டம் பெறும் தம்பி தங்கையரே,

நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் தரம் 9 வகுப்பு. ‘வறுமைக்கான காரணங்களை எழுதுக’ என்று கேட்டேன், பத்துப் புள்ளி. குடி, சோம்பல், கூடுதலான பிள்ளைகள் என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனையால் சரி போட்டேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் கொப்பியோடு எழும்பி வந்தான்.

“எங்கம்மா நாலு மணிக்கே எந்திரிச்சிரும் சேர். குடிக்காது. நாங்க ரெண்டு பேருதான்.”

அந்தத் தாய் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, காலி வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அவனுக்குரிய பதில் 1948இல் இருந்தது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கில்லாதவர்களின் லயத்துக்கு ரோடு போட எந்த எம்.பி. மலையேறுவார்? எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது. அதற்குள் எத்தனை தலைமுறை பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்து முடிந்தது! கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2019 கணக்கெடுப்பில் நாடு முழுக்க நூற்றுக்கு 14 பேர் வறியவர்கள்; தோட்டங்களில் ஏறத்தாழ 34.

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்து நெருக்கமான குடியிருப்புகளையும் ‘தோட்டம்’ என்றுதான் சொல்கிறோம்: பொதுக் குழாயடி, வரிசையில் வாளிகள். தேயிலைத் தோட்டங்களைப் போலவே அங்கும் காணி உறுதி இல்லாத வீடுகள் ஏராளம்.

2022இன் பொருளாதார நெருக்கடியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கியூவில் நின்றவர்கள் நீங்கள். ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்றது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 90க்கு மேல் நின்றது. அந்த வருடம் ஒருவேளைச் சோற்றைக் குறைத்த வீடுகளெல்லாம் சோம்பேறி வீடுகளா?

குடி வீட்டை அழிப்பதைக் கண்ணால் கண்டவன்தான் நானும். ஆனால் அதை முதல் வரியில் எழுதிவிட்டால், காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் பிள்ளையின் கண்ணில் படாது.

உங்கள் வகுப்பிலும் ஒரு பின்வாங்கு இருக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பி உதாரணம் காட்டாதீர்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய், பெயரை மறைத்து, கழிவுகளை வரிவரியாகக் கூட்டச் சொல்லுங்கள். கணக்குப் பாடம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.