தோட்டம் போனபின் தங்கியவை



சமூகப் பாதுகாப்பு என்பது பொருளியலார் ஆளும் சொல். நம் தோட்டப் பாட்டாளிகள் அதனைக் கண்முன் நின்ற பொருள்களாகவே அறிந்திருந்தனர்: லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தோட்ட மருந்தகம், தமிழ்ப்பள்ளி. மழை நாளில் பால்மரம் வெட்ட இயலாது. இலையுதிர் காலத்தில் பாலும் குறையும். நாள்கூலி நின்ற அந்நாள்களிலும் வாடகை கேட்டு எவரும் வாசலில் நின்றதில்லை. சிறு கூலியில் பெருங்குடும்பங்கள் தாக்குப்பிடித்தமைக்கு இது முதற்காரணம்.

ஆயினும் அப்பாதுகாப்பு முழுவதும் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஓய்வுபெற்றவர் லயத்தைக் காலி செய்யவேண்டும். வீட்டைக் காக்கும்பொருட்டே பிள்ளைகளுள் ஒருவர் தோட்ட வேலைக்கு நின்ற குடும்பங்கள் பல. வகுப்பறையில் நிற்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். படிப்பை இடையில் விட்டவர் எல்லாரும் படிப்பில் நாட்டமற்றவர் அல்லர்.

1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் விற்ற தோட்டங்களை வாங்கியோர் கூறுபோட்டு விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். தோட்டம் கைமாறியபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின.

இதற்கு மாற்றாகவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிரிக்பீல்ட்ஸில் நாம் நடக்கும் சாலை அவர் பெயரையே தாங்கியுள்ளது. நூறு வெள்ளிப் பங்கைத் தவணை முறையில் செலுத்தித் தோட்டத்தை வாங்குமாறு பாட்டாளிகளிடமே அவர் நேரிற்சென்று கேட்டார். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. துண்டாடப்பட்ட பரப்போடு ஒப்பிட, சங்கம் காத்தது சிறிதே. எனினும் கூலியாள் பங்குதாரர் ஆனது சிறிய செய்தியன்று.

1951-இல் வந்த ஊழியர் சேமநிதி வேறு வகையினது. (சேமம் என்பதற்குக் காவல் என்றும் பொருளுண்டு; நல்ல பெயர்.) அது தோட்டத்தின் பெயரில் இல்லை, தொழிலாளியின் பெயரில் இருந்தது. அவர் கிள்ளானில் தொழிற்சாலைக்குச் சென்றபோது அதுவும் உடன் சென்றது. கூலி சிறிதாகையால் சேமிப்பும் சிறிது. லயத்தை இழந்தவருக்கு வீடு வாங்க அது போதவில்லை. 1971-இல் செயற்படத் தொடங்கிய சொக்சோ, வேலையில் நேரும் விபத்துக்கு ஈடளித்தது. அதுவும் ஆளைத் தொடர்ந்த பாதுகாப்பே. தமிழகத்து உழவர் குடும்பங்கள் அறிந்த நூறு நாள் வேலையும் இவ்வகையினதே. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலக்கிழாரோடு பிணைக்காது, சிற்றூர்க் குடும்பங்களின் உரிமையாக்கியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வேலையிழந்த குடும்பங்கள் பல புறம்போக்கில் குடியேறின, பின்னர் மலிவுவிலை அடுக்ககங்களுக்குச் சென்றன. தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளோ இன்றும் நடக்கின்றன. பள்ளி ஆசிரியருக்கு ஊதியம் தந்தது அரசாங்கம். ஆயாவுக்குக் கூலி தந்தது தோட்ட நிர்வாகம். தோட்டம் மூடிய அன்றே ஆயாக் கொட்டகையும் மூடிற்று.